பாட்டு... பாட்டில்... நடுவுல நான்!

‘‘ஐ.டி. ப்ளீஸ்!’’

வாசலில் நின்ற ஆறடி ஆள் கையை நீட்டினார். பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். பிறந்த தேதியைப் பார்த்தார்... என் மூஞ்சியைப் பார்த்தார்... மறுபடியும் பிறந்த தேதியைப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே... விஸ்கி பார்!

ஹலோ, ஹலோ... அவசரப்பட்டு எங்க அம்மாவுக்கு போன் போட்டுடாதீங்க ப்ரெண்ட்ஸ். முழுசாப் படிச்சுட்டு அப்புறமா போடுங்க!

வாராவாரம் கேன்டீன் சாம்பார், அரியர் எக்ஸாம், லேப் ரெக்கார்டுன்னு மொக்கை போட்டுக்கிட்டிருந்த நான், இந்த வாரம் கொஞ்சம் தூரமா வந்துட்டேன். ஊர், எடின்பரோ. நாடு, ஸ்காட்லாந்து. கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் முடிஞ்ச கையோட, இங்கே ஒரு லேப்ல ரெண்டு மாச சம்மர் இன்டர்ன்ஷிப். காலையில் குடுவை கழுவுறது, சாயங்காலம் கழுவின குடுவையைத் துடைக்கிறது. ‘ஃபாரின்ல ஆராய்ச்சி பண்றா’ன்னு எங்க தெருவுல பேச்சு. நீங்களும் அப்படியே வெச்சுக்கோங்க.

நம்ம ஊர்ச் சட்டப்படி 21 வயசு ஆகாத எனக்கு ஒரு பீர் பாட்டில்கூட விற்கக் கூடாது. இங்கே 18 போதும். ஃப்ளைட்ல ஏறி இறங்கினதுல திடீர்னு நான் ‘பெரிய மனுஷி’ ஆயிட்டேன்! ஆனா, பார்க்க 25 வயசுக்குக் குறைவாத் தெரிஞ்சா ஐ.டி. கேட்டே ஆகணும்னு இங்கே விதி. அதனாலதான் அந்த ஆறடியாரோட விசாரணை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா எங்க லேப் மொத்தமும் எங்கேயாவது கிளம்பிடும். ரெண்டு வாரம் தலைவலி, வயித்துவலின்னு சொல்லித் தப்பிச்சேன். மூணாவது வாரம், லேப்ல பி.ஹெச்டி பண்ற திண்டுக்கல் அக்கா விடவே இல்லை.

‘‘நீ குடிக்கவெல்லாம் வேணாம்டி. பாட்டு கேக்க வா. ஊருக்குப் போயி ஸ்காட்லாந்துல என்னத்தப் பார்த்தேன்னா குடுவையைப் பார்த்தேன்னா சொல்லுவ?’’

‘‘இல்லக்கா... எனக்கு பார்னாலே அலர்ஜி.’’

‘‘ஏன், போயிருக்கியா?’’

போயிருக்கேன். வாசல் வரைக்கும்!

எங்க அப்பா ஒரு மெல்லிசைக் குழுவுல டோலக் வாசிச்சவர். கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்துன்னு மாசத்துல பாதி நாள் கச்சேரி. நைட்டு ரெண்டு மணிக்குக் கச்சேரி முடிஞ்சா, சம்பளத்துல பாதி கவர்ல வரும். மீதி பாட்டில்ல வரும். வாசிக்கிறவனுக்கு ‘மூடு’ வரணும்ல! கச்சேரி இருந்தாத்தான் குடின்னு ஆரம்பிச்சது, அப்புறம் கச்சேரி இல்லாத நாள்லயும் குடின்னு ஆச்சு.

சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சுன்னா அம்மா என்னைத்தான் அனுப்புவாங்க. எனக்கு அப்போ எட்டு, ஒன்பது வயசு இருக்கும். தெருமுனைக் கடையை ஒட்டி தகரம் போட்ட பார். உள்ளே போகக் கூடாது. வாசல்ல நின்னு, ‘‘அப்பா’’ன்னு ஒரு குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து நாலஞ்சு அப்பாக்கள் திரும்பிப் பார்ப்பாங்க. அந்த நாலஞ்சு முகமும் இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

நான் பிளஸ் ஒன் படிக்கிறப்போ அப்பாவுக்கு வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டி, ‘‘பொண்ணு படிக்கிறதைப் பார்க்கணுமா, வேணாமா?’’ன்னு ஒரே கேள்விதான் கேட்டார். அன்னிக்கு விட்டவர்தான். இன்னிக்கு வரைக்கும் தொடலை. ஆனா அதோட சேர்த்து டோலக்கையும் விட்டுட்டார். ‘‘அது இருந்தா இதுவும் வரும்மா’’ன்னு ஒரே வார்த்தை. டோலக், பழைய போர்வைக்குள்ள சுருண்டு பரண்ல ஏறிடுச்சு. அப்பா இப்போ ஒரு மரக் கடையில கணக்கு எழுதறார்.

(இதையெல்லாம் அப்பாகிட்ட பர்மிஷன் வாங்கிட்டுதான் எழுதுறேன். ‘‘நாலு பேர் படிச்சாலும் நல்லதுதானே, எழுதிக்கோ’’ன்னுட்டார்.)

இதைத் திண்டுக்கல் அக்காகிட்ட சொல்லலை. ‘‘வர்றேன்க்கா’’ன்னு மட்டும் சொன்னேன். வாசல்லயே நின்ன இடத்தோட உள்பக்கம் எப்படித்தான் இருக்கும்னு பார்த்துடலாமேன்னு ஒரு வீம்பு!

எடின்பரோவோட நடுநாயகமான தெரு பேரு ராயல் மைல். மலை உச்சியில இருக்கிற கோட்டையில ஆரம்பிச்சு, கீழே ஹோலிரூட் அரண்மனை வரைக்கும் கல் பாவின சரிவு. ரெண்டு பக்கமும் நாலு மாடி, அஞ்சு மாடிக் கல் கட்டடங்கள். நடுநடுவே ஆள் ஒருக்களிச்சுப் போற சந்துகள். அந்தச் சந்துகளுக்கு ‘க்ளோஸ்’னு பேரு. ஜூன் மாசம்கிறதால ராத்திரி ஒன்பதரைக்கும் பளீர்னு வெளிச்சம். தெருமுனையில பாவாடை கட்டின ஒருத்தர் (அது ‘கில்ட்’டு, பாவாடைன்னு சொன்னா அடிக்க வருவாங்க) பேக்பைப் ஊதிக்கிட்டிருந்தார். கண்ணை மூடிக் கேட்டா, நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஒத்து ஊதுவாங்களே... அதே மாதிரி விடாம ஒரு சுருதி அடியில ஓடிக்கிட்டே இருக்கு. எங்கேயோ ஒரு கோயில் வாசல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு.

அந்தத் தெருவுலதான் நம்ம பார். பேரு வேணாம், விளம்பரமாயிடும்!

உள்ளே காலை வெச்சதும் முதல்ல தேடினது அந்த நாத்தத்தைத்தான். சிகரெட்டும் சாராயமும் புளிச்ச ஊறுகாயும் கலந்த அந்த வாடை. இல்லை. பொரிச்ச மீன் வாசனை, மர வாசனை, நனைஞ்ச கோட்டு வாசனை. ஸ்காட்லாந்துல 2006 மார்ச்லயே உள்ளே புகை பிடிக்கத் தடை போட்டுட்டாங்களாம். ஒரு டேபிள்ல பாட்டி, அம்மா, பொண்ணுன்னு மூணு தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கு. யாரும் யாரையும் ஒளிஞ்சு பார்க்கலை. யாரும் அவசரமா வாயைத் துடைச்சுக்கலை.

கவுன்டருக்குப் பின்னாடி, தரையிலேர்ந்து கூரை வரைக்கும் பாட்டில்! மஞ்சள், தேன், தாமிரம், பனங்கருப்பட்டி நிறம்னு லைட் வெளிச்சத்துல மின்னுது. மேல்தட்டு எடுக்க ஏணி வெச்சிருக்காங்க. நம்ம ஊர் ஜவுளிக்கடை மாதிரி.

இங்கேதான் எனக்குள்ள தூங்கிட்டிருந்த கெமிக்கல் இன்ஜினீயர் முழிச்சுக்கிட்டா. டிஸ்டிலேஷன்னா எனக்கு மெக்கேப்-தீல் படமும், அதுல நான் வாங்கின ஏழு மார்க்கும்தான் ஞாபகம் வரும். பார்மேன் அஞ்சே நிமிஷத்துல பாடம் எடுத்தார். பார்லியை ஊறவெச்சு, முளைக்கட்டி, காயவைக்கணும் (ராகி மால்ட் செய்ற அதே டெக்னிக்!). அரைச்சு வெந்நீர் ஊத்தி, ஈஸ்ட் போட்டு நொதிக்க வைக்கணும். அதைச் செம்புக் கொப்பரையில பொதுவா ரெண்டு தடவை காய்ச்சி வடிக்கணும். ஏன் செம்பு? வேண்டாத கந்தகச் சமாச்சாரங்களைச் செம்பு பிடிச்சுக்கும். அப்புறம் ஓக் மரப் பீப்பாயில குறைஞ்சது மூணு வருஷம், ஸ்காட்லாந்து மண்ணுலயே ஊறணும். 40 சதவிகித ஆல்கஹாலுக்குக் குறையக் கூடாது. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ‘ஸ்காட்ச்’னு லேபிள் ஒட்ட முடியாது.

நம்ம ஊர்ல விஸ்கின்னு விற்கிறதுல பெரும்பாலானது மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில மிஞ்சற பாகுலேர்ந்து வர்ற ஸ்பிரிட் கலந்தது. ஐரோப்பிய யூனியன் சட்டப்படி அதை விஸ்கின்னு பேர் போட்டு விற்க முடியாது. எங்க ஏரியாவுல எத்தனை பேர் ‘விஸ்கி’ குடிச்சே குடும்பத்தைக் காலி பண்ணியிருக்காங்க... கடைசியில அது விஸ்கியே இல்லையாம்!

ஆனா, அதே அலமாரியில நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் உட்கார்ந்திருந்தார். பெங்களூர் அம்ருத்! பார்லியில காய்ச்சின நிஜ சிங்கிள் மால்ட். அதை 2004-ல முதன்முதலா அறிமுகம் பண்ணினது பெங்களூர்ல இல்லை, இந்த ஸ்காட்லாந்து கிளாஸ்கோ நகரத்துலதான். கொல்லன் தெருவுல போய் ஊசி வித்திருக்காங்க பாஸ்! பீப்பாயில இருக்கிறப்போ கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிப் போறதுக்கு ‘தேவதைகளின் பங்கு’ன்னு இங்கே பேரு. ஸ்காட்லாந்துக் குளிர்ல வருஷத்துக்குச் சுமார் 2 சதவிகிதம்தான் போகும். பெங்களூர் வெயில்ல 10 சதவிகிதத்துக்கு மேல போயிடும். நம்ம ஊர் தேவதைகளுக்குத் தாகம் ஜாஸ்தி!

‘‘உங்களுக்கு?’’ன்னார் பார்மேன்.

தொண்டை காய்ஞ்சுபோச்சு. ‘‘ஜூஸ் ஏதாவது...’’ன்னு இழுத்தேன். ஹாஸ்டல்ல ஒரு ட்ரீட்டுக்குப் போய், ‘எனக்கு வேணாம்’னு சொல்லிப் பாருங்க. ‘ஒரே ஒரு சிப்’, ‘சாமியாராடி நீ’, ‘படம் காட்டாதே’ன்னு பத்து பேர் பாய்வாங்க. இங்கே அவர் கண்ணைக்கூட உயர்த்தலை. ஆரஞ்சுக் கலர்ல ஒரு பாட்டிலைத் திறந்து ஐஸ் போட்டு நீட்டினார். பேரு அயர்ன் ப்ரூ. 1901-லேர்ந்து இவங்க ஊர்க் குளிர்பானம். 2018-ல இதுல சர்க்கரையைக் குறைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், ஜனங்க பழைய பாட்டிலை வாங்கி வீட்டுல அடுக்கினாங்களாம். பபிள்கம்மைக் கரைச்ச மாதிரி ஒரு டேஸ்ட். லேப் ஆளுங்க யாரும் ‘ஏன் குடிக்கலை’ன்னு கேட்கலை. அதுதான் எனக்கு அன்னிக்குக் கிடைச்ச முதல் சந்தோஷம்.

அக்கா ஒரு ‘டிராம்’ வாங்கினாங்க. கிளாஸைப் பார்த்ததும் சிரிச்சுட்டேன். அடியில நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான். 25 மில்லி! இங்கே விஸ்கியை 25 மில்லி இல்லைன்னா 35 மில்லி அளவுலதான் ஊத்தணும்னு சட்டம். பக்கத்துல ஒரு சின்ன ஜக்குல தண்ணி. ரெண்டு சொட்டு விட்டா வாசனை தூக்கும்னாங்க. சும்மா பில்டப்புன்னு நினைச்சேன். இல்லை. 2017-ல ஸ்வீடன் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆளுங்க கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்ணியே பார்த்திருக்காங்க. விஸ்கிக்குப் புகை வாசனை கொடுக்கிற குவாயகால்ங்கிற மூலக்கூறு, தண்ணி சேர்த்து ஆல்கஹால் அளவு குறையறப்போ மேற்பரப்புக்கு வந்துடுதாம்.

‘‘மோந்து மட்டும் பாரு’’ன்னு அக்கா கிளாஸை நீட்டினாங்க. ஐலா தீவுச் சரக்கு. பார்லியைக் காயவைக்கிறப்போ ‘பீட்’ங்கிற மக்கிப்போன கரிமண்ணைக் கொளுத்திப் புகை போடுவாங்களாம். மூக்குக்கிட்ட கொண்டுபோனேன்.

ஆஸ்பத்திரி! அப்படியே டிங்ச்சரும் பஞ்சும் சேர்ந்த ஆஸ்பத்திரி வார்டு வாசனை. பீட் புகையில இருக்கிற பீனால்கள்தான் காரணம்னு எனக்கு இப்போ தெரியும். அன்னிக்கு எனக்குக் கெமிஸ்ட்ரி தோணலை. மூக்குல ட்யூப்போட அப்பா படுத்திருந்த அந்த வார்டுதான் தோணுச்சு. கிளாஸை மெதுவாத் திருப்பி வெச்சுட்டேன்.

மனசை மாத்தறதுக்காகக் கணக்குப் போட்டேன். (இன்ஜினீயர் புத்தி!) 25 மில்லி, 40 சதவிகிதம்... சுத்த ஆல்கஹால் 10 மில்லி. இதுக்கு இங்கே ‘ஒரு யூனிட்’னு பேரு. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீங்க, அதையும் ஒரே நாள்ல ஏத்தாதீங்கன்னு 2016-லேர்ந்து பிரிட்டன் டாக்டர்கள் அறிவுரை. சரி, நம்ம ஊர் குவார்ட்டர்? 180 மில்லி, 42.8 சதவிகிதம். சுத்த ஆல்கஹால் 77 மில்லி. அதாவது 7.7 யூனிட். ஒரு வார கோட்டாவுல பாதிக்கு மேல ஒரே பாட்டில்ல காலி. அதைத்தான் அந்தத் தகரக் கொட்டாய்ல நின்ன வாக்குல, பத்து நிமிஷத்துல, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊத்திப்பாங்க. ருசி பார்க்கிறதுக்கா ஊத்தினாங்க? யாராவது பார்க்கிறதுக்குள்ள முடிக்கணும்... அவ்வளவுதான்.

திடீர்னு கைதட்டல். மூலையில மூணு பேர் வந்து உட்கார்ந்தாங்க. பிடில், கிடார், அப்புறம் பவுரான்னு ஒரு வாத்தியம். கஞ்சிராவோட பெரியண்ணன் மாதிரி வட்டச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல். ஒரு கையைத் தோலுக்குப் பின்னாடி வெச்சு அழுத்தி நாதத்தை ஏத்தி இறக்கி, இன்னொரு கையில சின்ன குச்சியால அடிக்கிறாங்க. வாசிச்சது ஒரு பெண். அம்மா வயசு இருக்கும்.

மேடை கிடையாது. மைக்கு பேருக்குத்தான். மெதுவா ஆரம்பிச்சாங்க... அப்புறம் பிடிச்சாங்க பாருங்க வேகம்! பிடில் வில்லு கண்ணுக்கே தெரியலை. பாட்டி டேபிள்ல ஸ்பூன் தாளம். கவுன்டர்ல நின்னவங்க காலால தரையை உதைக்கிறாங்க. தகதகன்னு மொத்த பாரும் ஒரே துடிப்பு. என் கை தானா டேபிளைத் தட்டுது. அப்போதான் உறைச்சது... அப்பா கச்சேரியை நான் கடைசியா மேடைக்குப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! அவர் நல்லா வாசிப்பார் ப்ரெண்ட்ஸ். ரொம்ப நல்லா வாசிப்பார். அவர் குடியைப் பத்தி எத்தனையோ தடவை அழுதிருக்கேன். அவர் வாசிப்பைப் பத்தி ஒரு தடவைகூட அவர்கிட்ட சொன்னதில்லை. செல்லை எடுத்து ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சேன்.

நடுவுல ஒரு சின்ன கலாட்டா. தள்ளாடிக்கிட்டு வந்த ஒருத்தர் இன்னொண்ணு கேட்டார். பார்மேன் முடியாதுன்னுட்டார். ஏற்கெனவே போதையில இருக்கிறவருக்கு ஊத்தினா ஊத்தினவர் மேல கேஸ். கத்தினார், டேபிளைத் தட்டினார். ஒரு பெரிய கிளாஸ்ல பச்சைத் தண்ணி வந்துச்சு. குழாய்த் தண்ணி கேட்டா இலவசமாக் கொடுத்தே ஆகணும்ங்கிறதும் இங்கே விதி. அவர் அதைக் குடிச்சுட்டு மூலையில உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டார். அந்த முகம்... நான் வாசல்ல நின்னு பார்த்த அதே முகம். கலர்தான் வேற.

‘‘என் தாத்தாவும் இப்படித்தான்’’னான் பக்கத்துல இருந்த எங்க லேப் பையன், இந்த ஊர்க்காரன். ‘‘அவரை நான் பார்த்ததே இல்ல. என் அப்பாவோட பத்தாவது வயசுலயே போயிட்டார்.’’

அவன் சொன்ன பிறகு தேடிப் படிச்சேன். ஸ்காட்லாந்துல 2023-ல மட்டும் குடியால நேரடியா செத்தவங்க 1,277 பேர். மொத்த ஜனத்தொகையே 55 லட்சம் சொச்சம்தான். இதைத் தாங்க முடியாமத்தான் 2018 மே மாசம், ஒரு யூனிட் ஆல்கஹாலை 50 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டுவந்தாங்க. 2024 செப்டம்பர்ல அதை 65 பென்ஸா ஏத்தினாங்க. நம்ம குவார்ட்டர் இங்கே கடைக்கு வந்தா, குறைஞ்சபட்ச விலையே 5 பவுண்டு. கடையில பாட்டில் வாங்கறதும் காலை 10-லேர்ந்து நைட்டு 10 வரைக்கும்தான். ஆக, ‘அங்கே நாகரிகமாக் குடிக்கிறாங்க, ஒண்ணும் ஆகாது’ன்னு யாராவது பீட்டர் விட்டா நம்பாதீங்க. கிளாஸ் பளபளன்னு இருந்தாலும் கல்லீரலுக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது.

பிரேக் விட்டாங்க. ஒரு டேபிள்லேர்ந்து யாரோ வாசிச்சவங்க மூணு பேருக்கும் விஸ்கி அனுப்பினாங்க. எனக்குத் திக்குன்னு ஆச்சு. ‘இதோ... ஆரம்பிச்சுட்டாங்கய்யா’ன்னு நினைச்சேன். பவுரான் வாசிச்ச அம்மா சிரிச்சுக்கிட்டே, ‘‘வண்டி ஓட்டணும்’’னு கிளாஸைத் தள்ளி வெச்சுட்டு சோடா வாங்கிக்கிட்டாங்க. 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம்னு இருந்த லிமிட்டை ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்ல 50-ஆகக் குறைச்சுட்டாங்க. (நம்ம ஊர்ல 30. நம்மதான் ஸ்ட்ரிக்ட்... பேப்பர்ல!)

என்ன தைரியமோ தெரியலை, எழுந்து அவங்ககிட்ட போயிட்டேன்.

‘‘ரொம்ப நல்லா வாசிச்சீங்க. எங்க அப்பாவும் டிரம் வாசிப்பார்.’’

‘‘அப்படியா! என்ன டிரம்?’’

டோலக்கை என் ஓட்டை இங்கிலீஷ்ல, கையை ரெண்டு பக்கமும் ஆட்டி விளக்கினேன். ஆர்வமாக் கேட்டாங்க. ‘‘இப்பவும் வாசிக்கிறாரா?’’

‘‘இல்லை. விட்டுட்டார்.’’

‘‘ஏன்?’’

முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்டதான் சில விஷயம் சட்டுன்னு வெளியில வருது. ‘‘குடிக்கிறதை விட்டார். அதனால வாசிக்கிறதையும் விட்டார்.’’

அவங்க ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. சோடாவைக் காட்டினாங்க. ‘‘இன்னிக்கு நான் பஸ்லதான் போறேன். வண்டின்னு சொன்னா யாரும் மேல கேள்வி கேட்க மாட்டாங்க. விட்டு ஆறு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் இந்த வாத்தியத்தைத் தொட பயம். இது ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டிருந்தேன்.’’

‘‘ஒண்ணு இல்லையா?’’

‘‘தோலுக்கு என்ன தெரியும், நான் என்ன குடிச்சேன்னு?’’

அதுக்குள்ள பிடில்காரர் கூப்பிட்டுட்டார். போயிட்டாங்க. நான் அயர்ன் ப்ரூவைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு வீட்டுக்கு போன். அங்கே பதினொன்றரை. ‘எங்கேடி போன நேத்து?’ன்னு அம்மா கேட்பாங்க. என்ன சொல்றது? லைப்ரரின்னு சொல்லிடலாமா? நம்ம வீட்டுல பார்ங்கிற வார்த்தையையே யாரும் பேச மாட்டோம். ஆனா இத்தனை வருஷமா எங்க வீட்டைத் தின்னது குடி மட்டுமில்லை, அதை மறைக்கிறதும்தான். அப்பா பாக்கு போட்டு மறைச்சார், அம்மா அக்கம்பக்கத்துல மறைச்சாங்க, நான் ஸ்கூல்ல மறைச்சேன். இனி நானும் ஆரம்பிக்கணுமா?

போனை அப்பாதான் எடுத்தார்.

‘‘அப்பா... நேத்து ஒரு பாருக்குப் போனேன்.’’

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஃபேன் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

‘‘குடிக்கலைப்பா.’’

‘‘...தெரியும்மா.’’ குரல் கரகரன்னு இருந்துச்சு. ‘‘நீ வாசல்லயே நின்ன புள்ளைதானே.’’

அவருக்கும் ஞாபகம் இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘‘ஒண்ணு அனுப்பறேன், கேளுங்க’’ன்னு அந்த ரெக்கார்டிங்கை வாட்ஸ்அப்ல தட்டிவிட்டேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு அவரே கூப்பிட்டார்.

‘‘ஏம்மா, அந்த ரெண்டாவது உருப்படி... அது திஸ்ரம்மா! தகிட தகிட... அவுங்க என்னமோ பேர் சொல்லுவாங்களே?’’

‘‘ஜிக்னு சொல்றாங்கப்பா.’’

‘‘என்னமோ... நம்ம நடைதான். அந்தத் தோல் வாத்தியம் யாரு வாசிச்சது? கை நல்லாப் பேசுது.’’

அந்தம்மா சொன்னது அத்தனையும் சொன்னேன். ஆறு வருஷம், பஸ், சோடா, கடைசியா அந்தத் தோல் மேட்டர் வரைக்கும். அப்பா ‘ம்’ கொட்டக்கூட இல்லை. நானும் சின்ன வயசுலேர்ந்து சொல்லாம விட்ட ஒண்ணைச் சொன்னேன்: ‘‘நீங்க ரொம்ப நல்லா வாசிப்பீங்கப்பா.’’

‘‘அம்மாகிட்ட தர்றேன்’’னு போனைக் கொடுத்துட்டுப் போயிட்டார்.

ஒரு பாருக்குப் போயிட்டு வந்தவ கதை இவ்வளவுதான். குடி நல்லதுன்னு சர்ட்டிஃபிகேட் கொடுக்க நான் வரலை. அந்த 1,277 பேரோட வீட்டுலயும் ஒரு பொண்ணு வாசல்ல நின்னுருப்பா. பாட்டு தனி, பாட்டில் தனிங்கிறது மட்டும் எனக்குப் புரிஞ்சுது. ஒண்ணைத் தூக்கிப் போடறப்போ இன்னொண்ணையும் சேர்த்துத் தூக்கிப் போடணும்னு அவசியமில்லை.

மூணு நாள் கழிச்சு அம்மாகிட்டேர்ந்து வாய்ஸ் மெசேஜ்: ‘‘ஏண்டி, உங்க அப்பா காலங்காத்தால ஏணி போட்டுப் பரண்ல ஏறி வீட்டையே தூசியாக்கி வெச்சிருக்கார். டோலக்குத் தோல் கிழிஞ்சு கிடக்காம். மாத்தறதுக்கு ஆளைத் தேடிக்கிட்டுத் தெருத்தெருவா அலையறார். அவர்கிட்ட என்னத்தடி சொல்லித் தொலைச்சே?’’

சரி ப்ரெண்ட்ஸ்... இப்போ எங்க அம்மாவுக்கு போன் போடுங்க!